முகம் பார்த்தது போதும், முதுகைத் திருப்புங்கள்

அத்தியாயம் 6: பழைய தேர்ச் சிற்பப் பலகைகளை அறிவதும் பேணுவதும்

உங்கள் கையில் ஒரு பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை அடி உயரம், முக்கால் அடி அகலம், நாலு விரற்கடை கனம். அதில் யானைத் தோலை விரித்துப் பிடித்தபடி கஜசம்ஹார மூர்த்தி, ஒரு கால் யானைத் தலைமேல். மூக்கு மழுங்கியிருக்கிறது, ஒரு கை உடைந்திருக்கிறது. விற்பவர் முகத்தைக் காட்டுவார். வீட்டுக்கு வருகிறவர்களும் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

இந்த அத்தியாயம் ஒரே ஒரு பழக்கத்தைக் கற்றுத்தருகிறது: பலகையைத் திருப்பிப் பார்ப்பது. சிற்பி எதைச் செதுக்கினார் என்பதை முகம் சொல்லும். அந்தப் பலகை எங்கே இருந்தது, எதைத் தாங்கியது, எப்படிக் கழற்றப்பட்டது என்பதை முதுகுதான் சொல்லும். தேர்ச் சிற்பம் ஒரு கட்டுமானத்தின் உறுப்பு. அதைத் தனிச் சிலையாக நினைத்தால் வாங்கும்போதும் ஏமாறுவோம், பேணும்போதும் கெடுப்போம்.

பலகை இருந்த இடம்

திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவனுக்குப் பூமியே தேர், சூரிய சந்திரர் சக்கரங்கள், பிரம்மன் சாரதி என்கிறது புராணம். விநாயகரை வணங்காமல் கிளம்பியதால் அந்தத் தேரின் அச்சு முறிந்த இடம் என்று அச்சிறுபாக்கத்தைச் சொல்வார்கள். கதையிலேயே தேரின் உறுப்புகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுவதைக் கவனியுங்கள். தேரைப் புரிந்துகொள்ள அதுதான் வழி.

தமிழ்நாட்டுத் தேரில் இரண்டு பகுதிகள் உண்டு. சக்கரத்துக்கு மேல், சுவாமி அமரும் தட்டு வரை உள்ளது நிரந்தரமான மரக்கட்டுமானம். அதற்கு மேலே விழாவுக்கு விழா மூங்கிலும் சவுக்கும் கட்டித் தேர்ச்சீலை சுற்றுவார்கள். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்துடன் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை என்பார்கள். அந்த உயரத்தில் பெரும்பகுதி துணியும் மூங்கிலும்தான். சிற்பங்கள் இருப்பது கீழ்ப்பகுதியில்.

அந்தக் கீழ்ப்பகுதி அடுக்கடுக்காக எழும். பூதப்பார், சிறு உறுதலம், பெரிய உறுதலம், தேவாசனம் என்று அடுக்குகளுக்குப் பெயர்கள் உண்டு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். மேலே போகப் போக அடுக்குகள் வெளிப்பக்கம் விரியும். அதனால் மேலடுக்குப் பலகைகள் தரையில் நிற்பவரை நோக்கிச் சற்றே குனிந்திருக்கும். கீழடுக்கில் சிறிய உருவங்கள்: தேரைச் சுமக்கும் பூதகணங்கள், யானை வரிசை, கொடிக்கருக்கு. நடுவிலும் மேலேயும் பெரிய பலகைகள்: சிவன் கோயில் தேரானால் பிட்சாடனர், காலசம்ஹாரர், ஊர்த்துவ தாண்டவர், பெருமாள் கோயில் தேரானால் தசாவதாரமும் கிருஷ்ண லீலைகளும். மூலைகளில் யாளியும் குதிரையும் துருத்திக்கொண்டு நிற்கும். சந்துகளில் கழைக்கூத்தாடி, மிதுன உருவங்கள், சில தேர்களில் துப்பாக்கி பிடித்த சிப்பாய்கூட இருப்பார். அந்தச் சிப்பாய் காலம் கணிக்க உதவும் நல்ல சாட்சி.

பூரி ஜகந்நாதர் கோயிலில் ஆண்டுதோறும் புதுத் தேர் செய்கிறார்கள். இங்கே அப்படியில்லை. கெட்டுப்போன பலகையை மட்டும் மாற்றி, அச்சை மாற்றி, சக்கரத்தை மாற்றி ஒரே தேரைத் தலைமுறை தலைமுறையாக ஓட்டுவார்கள். ஆகவே ஒரே தேரில் முந்நூறு ஆண்டுப் பலகையும் முப்பது ஆண்டுப் பலகையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். "இந்தத் தேர் நாயக்கர் காலத்தது" என்று யாராவது சொன்னால், அந்தத் தேரின் ஒவ்வொரு பலகையும் நாயக்கர் காலத்தது என்று அர்த்தமில்லை.

ஐந்து இடங்களில் பாருங்கள்

ஒரு சாய்வான டார்ச் வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். கத்தியால் சுரண்டுவது, ஊசியால் குத்துவது வேண்டாம்.

1. முதுகு. கையால் செய்த பலகையின் பின்புறம் வழவழப்பாக இருக்காது. வாச்சியால் செதுக்கிய தடங்கள் அலை அலையாகத் தெரியும். ஒரே சீரான, நெருக்கமான வளைகோடுகள் தெரிந்தால் அது வட்ட ரம்பத்தின் வேலை. சில பலகைகளின் பின்னால் கோடுகளோ எண்ணோ வெட்டியிருக்கும். எது எதற்குப் பக்கத்தில் வரவேண்டும் என்று ஆசாரி தனக்காகப் போட்டுக்கொண்ட குறி அது. அந்தக் குறி உள்ள பலகை கிடைத்தால் பொன்போலக் காப்பாற்றுங்கள்.

2. விளிம்பு. தேர்ப் பலகை பக்கத்துச் சட்டத்தோடு நாக்கும் துளையுமாகப் பூட்டப்பட்டிருக்கும். எனவே மேலேயோ கீழேயோ நாக்கு, பக்கத்தில் பள்ளம், மரமுளை அடித்த துளை ஏதாவது இருந்தாக வேண்டும். நான்கு பக்கமும் சுத்தமாக அறுத்த, எதோடும் சேராத பலகை என்றால் இரண்டில் ஒன்று: சுவரில் மாட்டவே செய்த புதுப் பலகை, அல்லது தேரிலிருந்து பெயர்க்காமல் ரம்பத்தால் அறுத்து எடுத்த பலகை. இரண்டாவது இன்னும் மோசம்.

3. தேய்மானம். வெயிலும் மழையும் மேலே படுகிற இடத்தில்தான் தேயும். மென்மையான நார் முதலில் கரைந்து, கெட்டியான நார் வரிவரியாக எழுந்து நிற்கும். நிறம் சாம்பல் பூக்கும். கொடுங்கையின் நிழலில் இருந்த பள்ளங்கள் கூர்மையாகவே இருக்கும். கை எட்டும் உயரத்தில் இருந்த உருவமானால் முழங்காலும் வயிறும் தொட்டுத் தொட்டுப் பளபளத்திருக்கும். பள்ளமும் மேடும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

4. துளைகள். உளுத்த மரத்தில் வண்டு வெளியேறிய துளைகள் குண்டூசித் தலை அளவில் இருக்கும். உள்ளே அவை வளைந்து வளைந்து போகும். துரப்பணத்தால் போட்ட போலித் துளை நேராகப் போய் நிற்கும். இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை: செதுக்கிய பரப்பில் வண்டின் பாதை வாய்க்கால்போல நீளவாட்டில் திறந்து கிடந்தால், உளுத்த பழைய மரத்தை எடுத்து அண்மையில் செதுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். வண்டு மேற்பரப்பை ஒட்டி வாய்க்கால் வெட்டாது. உளிதான் அதன் சுரங்கத்தைத் திறந்துவிட்டிருக்கிறது.

5. மரமும் ஆணியும். தேருக்கு நம் ஊரில் பேர்போன மரம் இலுப்பை. செம்பழுப்பு நிறம், தேக்கைவிடக் கனம். தேக்கும் வேங்கையும் உண்டு. மரம் குறுக்குவாட்டில் சுருங்கும் அளவுக்கு நீளவாட்டில் சுருங்காது. எனவே பழைய பலகையில் நாரின் போக்கில் வெடிப்பு இருப்பது இயல்பு. பழைய வெடிப்பின் உட்புறம் கறுத்திருக்கும், புதுவெடிப்பு வெளிறியிருக்கும். கொல்லன் அடித்த ஆணி சதுரமாக இருக்கும், அதைச் சுற்றி மரம் கறுத்திருக்கும். உருண்டைக் கம்பி ஆணி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவியது. ஆனால் பின்னாளில் பழுது பார்த்தவர் அதை அடித்திருக்கலாம். ஆகவே ஆணியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஐந்து சாட்சிகளும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

தேரிலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தாவதா?

"கோயில் சிற்பம்" என்று விற்கப்படுவதெல்லாம் கோயிலுடையதல்ல. அடிக்கடி குழம்பும் மூன்று பொருள்கள் இவை:

வீட்டு நிலை. நடுவில் கஜலட்சுமி, இருபுறமும் கிளியும் கொடியும் உள்ள நீளமான பலகையா? செட்டிநாட்டு வீடுகளின் வாசல் நிலைக்கு மேலே இதுதான் இருக்கும். பெரும்பாலும் பர்மாத் தேக்கு. வெயில் மழை படாமல் உள்ளடங்கி இருந்ததால் தேய்மானம் குறைவு. இதுவும் அழகான பழம்பொருள்தான், ஆனால் கோயிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வாகனம். குதிரை, அன்னம், யாளி, நந்தி என்று முழு உருவமாக, பல துண்டுகளை இணைத்துச் செய்திருப்பார்கள். மேலே வண்ணப்பூச்சோ உலோகத் தகடோ இருக்கும். அடியில் தண்டு செருகும் வளையமோ துளையோ இருந்தால் அது தோளில் சுமந்த வாகனம்.

புதுச் சிற்பம். பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் அந்தப் பட்டியலில் உண்டு. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் இன்றும் அருமையாகச் செதுக்குகிறார்கள். புதிதைப் புதிது என்று சொல்லி விற்பதில் ஒரு குறையுமில்லை. வீட்டுச் சுவரில் ஒரு நடராசர் வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், நேரே அங்கே போய் அளவு சொல்லிச் செய்துகொள்ளுங்கள். பழையது கிடைக்கவில்லையே என்று வருந்துவதைவிட அது நல்ல வழி.

ஆனால் புதிதைப் பழையதாக்கும் கைவேலைகளும் உண்டு. பர்மாங்கனேட் கரைசல் பூசினால் வெள்ளை மரம் ஒரே நாளில் பழுப்பாகும். டீத்தூள் டிகாக்ஷனும் பூட் பாலிஷும் அதே வேலையைச் செய்யும். மண்ணில் புதைத்தால் ஒரு மழைக்காலத்தில் நூறு வயது கூடிவிடும். மோந்து பாருங்கள்: தேரில் இருந்த பலகையில் எண்ணெய்ப் பிசுக்கும் கற்பூரக் கரியும் பள்ளங்களில் படிந்து இறுகியிருக்கும். பாலிஷ் போட்டது மேட்டில் பளபளக்கும், வெள்ளைத்துணியால் தேய்த்தால் கறை ஒட்டும்.

வாங்கும் முன் சட்டம்

தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972-இல் நிறைவேறி, 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டு கடந்த சிற்பம் எதுவும் இதன்படி தொல்பொருள். மரச் சிற்பங்கள், புடைப்பாகச் செதுக்கியவையும் முழு உருவங்களும், பதிவு செய்ய வேண்டிய வகைகளில் அடங்கும். நடைமுறையில் நினைவில் வைக்க வேண்டியவை:

- தொல்பொருள் விற்பவருக்கு உரிமம் வேண்டும். எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.
- பதிவுச் சான்றில் உள்ள புகைப்படமும் கையில் உள்ள பலகையும் ஒன்றுதானா என்று வெடிப்பு, உடைவு வரை ஒப்பிடுங்கள்.
- கை மாறினால் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். தாத்தா சொத்தாக வந்தாலும் இது பொருந்தும்.
- தனியார் யாரும் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதம். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பெட்டியில் வைத்து அனுப்பும் யோசனையும் இதில் அடங்கும்.
- புதுச் சிற்பத்தை வெளிநாடு கொண்டுபோவதானால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெறுங்கள்.

"புதுத்தேர் செய்தார்கள், பழைய பலகையைக் கழித்துப் போட்டார்கள்" என்பது சந்தையில் அடிக்கடி கேட்கும் கதை. கழித்துப் போட்டாலும் அது கோயில் சொத்து. அர்ச்சகரோ ஊர்ப் பெரியவரோ தன் விருப்பத்துக்கு விற்கக்கூடியதல்ல. எழுத்தில் உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பலகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். தமிழ்நாடு காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 1983 முதல் இயங்குகிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

வீட்டில் பேணும் முறை

முதல் ஒரு மாதம்: தனிமை. புதிதாக வந்த பலகையை மற்ற மரச்சாமான்களோடு சேர்க்காதீர்கள். தனியறையில் கறுப்புத் தாள் விரித்து அதன்மேல் வையுங்கள். வாரம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். தாளில் மாவுபோல வெளிர்த்தூள் விழுந்திருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. தூள் இல்லை, துளைகளின் உட்புறமும் கறுத்திருக்கிறது என்றால் பழைய கதை. ஆனாலும் ஒரு வருடம் வரை அவ்வப்போது பார்ப்பது நல்லது. புழு மரத்துக்குள் நெடுநாள் தங்கும்.

உயிருள்ள வண்டு இருந்தால் மண்ணெண்ணெய், டீசல் ஊற்றாதீர்கள். கறை போகாது, தீயும் பற்றும். அருங்காட்சியகங்களில் காற்றுப்புகாத உறையில் ஆக்சிஜனை நீக்கி நைட்ரஜன் நிரப்பிச் சில வாரங்கள் வைப்பார்கள்; அல்லது வண்ணமில்லாத பலகையை மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் உறைய வைப்பார்கள். இரண்டும் வீட்டு வேலையல்ல. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு உண்டு. லக்னோவில் 1976-இல் தொடங்கிய தேசியப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் உண்டு. அப்படிப்பட்ட இடங்களில் யோசனை கேளுங்கள்.

துடைத்தல். ஓவியத் தூரிகை போன்ற மென்மையான தூரிகை, மெல்ல இழுக்கும் வாக்குவம் கிளீனர், அவ்வளவுதான். ஈரத்துணி கூடாது. நான் முதன்முதலில் துடைத்த பலகையில், அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் எடுத்தது பழைய காவி வண்ணத்தின் மிச்சம். துணியில் சிவப்பைக் கண்டபோது காரியம் கைமீறிவிட்டது. சோப்பு, ஆசிட், கம்பி பிரஷ், உப்புத்தாள் எதையும் நெருங்க விடாதீர்கள். வார்னிஷும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் அந்தப் பலகையின் வரலாறு. பளபளப்புக்காக அதை விற்றுவிடாதீர்கள்.

வெடிப்பு. மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கும் ஆசை வரும். மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். இறுகிய அடைப்பு அந்த அசைவுக்கு இடங்கொடாது. பக்கத்தில் புதுவெடிப்பு உண்டாகும். பழைய வெடிப்பை அப்படியே விடுங்கள். பொடிப்பொடியாக உதிரும் பலகை மட்டும் வல்லுநரிடம் போக வேண்டும்.

இடம். ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் நல்லது. அதைவிட முக்கியம், அது ஏறி ஏறி இறங்காமல் இருப்பது. காஞ்சிபுரம் அத்திவரதர் 40 ஆண்டு குளத்து நீருக்கடியில் இருந்து 2019-இல் 48 நாள் தரிசனம் தந்தார். எப்போதும் நீரில் மூழ்கிய மரத்துக்குக் காற்று குறைவு, பூஞ்சையும் பூச்சியும் எளிதில் அண்டாது. நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி இருக்கும் மரம்தான் சீக்கிரம் போகும். எனவே ஏசி காற்று நேரே படும் சுவர், மேற்கு வெயில் விழும் சன்னல், குளியலறைச் சுவரின் மறுபுறம் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

மாட்டுதல். பலகையில் புது ஆணி அடிக்கக் கூடாது. அடியில் தாங்க பித்தளைத் தாங்கி இரண்டு, மேலே பிடிக்க ஒன்று. மரம் தொடும் இடத்தில் கம்பளித்துண்டு. சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஓர் அங்குலம் காற்றோட்டம் விடுங்கள். கரையான் மண்கூடு கட்டி ஏறினாலும் அந்த இடைவெளியில் கண்ணில் படும். மேலடுக்குப் பலகையானால் கண்மட்டத்துக்கு மேலே, சற்று முன்சாய்த்து மாட்டிப் பாருங்கள். பெரிதாகத் தெரிந்த தலை அளவாகத் தெரியும், கீழ்நோக்கிய கண் உங்களைப் பார்க்கும். சிற்பி நினைத்த கோணம் அதுதான்.

நாட்காட்டி. ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை, சித்திரை வெயிலில் ஒருமுறை கழற்றி முதுகைப் பாருங்கள். வருடம் மூன்று முறை போதும்.

உங்கள் ஊர்த் தேருக்குச் செய்யக்கூடியது

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். தேரைக் காக்க நாலு பேர் போதும். கோயில் நிர்வாகத்தின் அனுமதியோடு ஒரு நாள் செலவிடுங்கள்.

தேரின் நான்கு பக்கத்துக்கும் திசைப் பெயர் கொடுங்கள். அடுக்குகளைக் கீழிருந்தும் பலகைகளை இடமிருந்தும் எண்ணுங்கள். "கி-2-5" என்றால் கிழக்கு, இரண்டாம் அடுக்கு, ஐந்தாம் பலகை. எண்ணை மரத்தில் எழுதாதீர்கள். சீட்டில் எழுதிப் பக்கத்தில் பிடித்துப் படமெடுங்கள், ஓர் அளவுகோலும் படத்தில் வரட்டும். காணாமற்போன கோயில் சிலைகள் பலவற்றை அடையாளம் காட்டியது பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள்தான். எடுத்தவர்கள் திருட்டை எதிர்பார்த்து எடுக்கவில்லை.

திருவாரூர், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற பெரிய தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வந்துவிட்டன. சக்கரமோ அச்சோ மாற்றும்போது கீழடுக்குப் பலகைகளைக் கழற்ற நேரலாம். பலகைகள் இடம் மாறுவதும் குறைவதும் அப்போதுதான். கழற்றும் முன்னும் பூட்டிய பின்னும் உங்கள் படங்களோடு சரிபாருங்கள்.

தகரக் கொட்டகைக்குள் தேரைச் சுற்றி அடைத்து வைத்தால் கோடையில் அடுப்பாகும், மழையில் புழுங்கும். மேலும் கீழும் காற்று போக வழி விடச் சொல்லுங்கள். கொட்டகைக்குள் குப்பை சேர்க்கவோ கற்பூரம் ஏற்றவோ விடாதீர்கள். திருவாரூரின் பழைய பெருந்தேர் 1920-களில் தீக்கு இரையானது. 1930-இல் புதுத்தேர் ஓடியது. எரிந்த பலகைகளில் என்ன இருந்தது என்று சொல்ல அந்தக் காலத்தில் யாரும் எண் போட்டுப் படமெடுத்து வைத்திருக்கவில்லை.

கடைசியாக, உங்கள் கையில் இருக்கும் பலகைக்கும் ஓர் அட்டை எழுதுங்கள்:

பொருள்: கஜசம்ஹார மூர்த்தி, மரம், புடைப்புச் சிற்பம்
அளவு: உயரம், அகலம், கனம்
முதுகு: வாச்சித் தடம், துளைகளின் எண்ணிக்கை, இடம், குறிகள்
சேதம்: பழையது, புதியது
வந்த வழி: யாரிடமிருந்து, எப்போது, என்ன சான்று
எந்த ஊர்த் தேர்:

கடைசி வரி தெரியாவிட்டால் காலியாகவே விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். பலகையின் விளிம்பில் ஒரு துளை இருக்கிறதென்றால் அதில் ஒரு முளை இருந்தது. முளைக்கு அந்தப்புறம் இன்னொரு பலகை இருந்தது. அது இப்போதும் ஏதோ ஓர் ஊர்த் தேரடியில், பக்கத்து இடம் காலியாக நின்றுகொண்டிருக்கலாம். அந்த ஊர்க்காரர் யாராவது எண் போட்டுப் படமெடுத்து வைத்திருந்தால், உங்கள் அட்டையின் கடைசி வரி ஒரு நாள் நிரம்பும்.